அந்தக் கடிதத்தை நாம் ஏன் இன்னும் எழுதவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, மழை விடட்டும் என்று பள்ளிவாசல் விறாந்தையில் நின்றபோது நடந்த பேச்சு உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளைகள் இரவிரவாக ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் விளையாடுகிறார்கள், விடிந்தால் மத்ரஸாவில் தூங்கி விழுகிறார்கள், வாயைத் திறந்தால் சுடு, கொல்லு என்ற பேச்சுத்தான் என்று ஒரு நானா தொடங்கி வைத்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பிறகு ஆளுக்கொன்று சொல்லி, கடைசியில், ஓ.எல். எழுதி முடியும் வரை எந்தப் பிள்ளையின் கையிலும் போன் இருக்கக் கூடாது என்று எல்லா வீட்டுக்கும் ஒரு கடிதம் கொடுப்பதாக முடிவானது. "நீங்கதானே மாஸ்டர், நல்ல தமிழ்ல எழுதித் தாங்களே" என்று அந்த வேலை நம் தலையில் விழுந்தது.

நாமும் சரி என்றுதான் வந்தோம். இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தோம். பிஸ்மி போட்டு முதல் வரி எழுதியதோடு சரி. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலாவது காரணம் வெட்கம். அந்தப் போனைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கச் சொன்னதே நாம்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பாடசாலை மூடியபோது, வட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிறோம், போன் இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னோம். தோட்டை அடகு வைத்துப் போன் வாங்கிய தாய்மார் இருக்கிறார்கள். சிக்னல் பிடிக்காத லயத்துப் பிள்ளைகள் மலையில் ஏறி, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்து நமது அப்பியாசங்களை இறக்கினார்கள். பாடம் ஒரு மணித்தியாலம். மிச்ச நேரம் அந்தப் போனில் என்ன செய்வார்கள் என்று ஆசிரியர்களாகிய நம்மில் ஒருவரும் யோசிக்கவில்லை.

காசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் கொழுந்துக் கூடையோடு நேரே பாடசாலைக்கே வந்துவிட்டார். மகன் அவருடைய போன் காசில் டயமண்ட் வாங்கி, அதைக் கொண்டு துப்பாக்கிக்கு ஒரு ஸ்கின் வாங்கியிருக்கிறான். ஸ்கின் என்றால் ஒன்றுமில்லை, திரையில் தெரிகிற துப்பாக்கியின் மேல் பூசுகிற நிறமும் பூவேலையும். அதைப் பையன் விளக்கப் பார்த்தான். தாய் கேட்டுவிட்டு நம் பக்கம் திரும்பினார். "இல்லாத துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்க என்னோட ரெண்டு நாள் பேராங்க சேர்?" நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக, 2021 வரை எத்தனை வருடம் சத்தியாக்கிரகமும் ஊர்வலமும் நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை.

ஆக, போனைப் பிடுங்க வேண்டும் என்பவர்களின் கோபம் நமக்கும் இருக்கிறது. ஆனாலும் கடிதம் ஓடவில்லை.

போன மாதம் தரம் 10இல் ஒரு பாடவேளை சும்மா கிடைத்தது. தெரிந்த துப்பாக்கிகளின் பெயரைச் சொல்லுங்கள், பலகையில் எழுதுகிறோம் என்றோம். ஐந்து நிமிடத்தில் 31 பெயர். ஏகேஎம், எம்416, ஏடபிள்யூஎம், கார்98, ஸ்கார், யூசி, எம்பி40, டெசர்ட் ஈகிள். பெண் பிள்ளைகளும் சொன்னார்கள். எது தூரத்துக்குச் சுடும், எதில் எத்தனை ரவை, எது கையை உதறும் என்பதெல்லாம் மனப்பாடம். தாவரக் கலத்தின் பகுதிகளைக் கேட்டால் நாலுக்கு மேல் வராத பிள்ளைகள்!

பிறகு கேட்டோம்: இவற்றை யார் செய்கிறார்கள்? எந்த நாடு? ஒருவருக்கும் தெரியாது. கேம் கொம்பனிதான் செய்தது என்றே பலர் நினைத்திருந்தார்கள். எம்416 என்பது ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் கொம்பனி செய்யும் எச்கே416இன் உருவம். கார்98 இரண்டாம் உலக யுத்தத்தில் ஹிட்லரின் படைகள் தூக்கித் திரிந்தது. ஸ்கார் பெல்ஜியத்துக் கொம்பனியுடையது, ஏடபிள்யூஎம் பிரித்தானியாவில் செய்வது, யூசியும் டெசர்ட் ஈகிளும் இஸ்ரேலோடு சேர்ந்த பெயர்கள். யூசி இஸ்ரேலியத் துவக்கு என்றதும் பின்வரிசையில் இருந்த நம்மவர் பிள்ளை ஒன்று "யா அல்லாஹ், நான் அதத்தான் எடுப்பன் சேர்" என்று தலையில் கை வைத்தது. வகுப்பே சிரித்தது.

இன்னொன்றும் கேட்டோம். ரி-56 தெரியுமா? ஒருவருக்கும் தெரியவில்லை. சீனாவில் செய்த கலாஷ்னிகோவ் வகை. இந்த நாட்டின் யுத்தம் முழுக்க இரண்டு பக்கத்தாரும் அதைத்தான் தூக்கினார்கள். சோதனைச் சாவடியில், பிரமுகர்களின் வாகனத்துக்குப் பக்கத்தில் அது தோளில் தொங்குவதை இந்தப் பிள்ளைகள் எல்லோரும் கண்டிருப்பார்கள். விளக்கிச் சொன்னதும் ஒருவன், "அது கேம்ல இல்லயே சேர்" என்றான்.

அன்று முதல் அந்த வார்த்தைதான் நம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கேமில் இருப்பது எல்லாம் தெரியும், கேமில் இல்லாத எதுவும் தெரியாது. போனைப் பிடுங்கிவிட்டால் அந்த இல்லாதது தெரிந்துவிடுமா?

கேமுக்கும் ஆயுதத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் பழசு. உண்மையான துவக்கின் பெயரையும் உருவத்தையும் போடுவதற்கு, கேம் கொம்பனிகள் துவக்குக் கொம்பனிகளுக்கு உரிமக் காசு கொடுத்து வந்தன. 2013இல் யூரோகேமர் என்ற பிரித்தானிய இணையச் சஞ்சிகை இதைத் துருவி ஒரு கட்டுரை போட்டது. பெரிய ஸ்னைப்பர் துவக்குகள் செய்யும் பரெட் என்ற அமெரிக்கக் கொம்பனியின் ஆள் அதில் ஒளிவுமறைவில்லாமல் பேசியிருந்தார்: கேமில் தங்கள் துவக்கைக் காணும் இளசுகள் நாளைக்கு அதை வாங்கக் கூடியவர்கள். விளம்பரம் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அந்த வருடமே இஏ என்ற பெரிய கேம் கொம்பனி, இனி உரிமக் காசு கொடுக்க மாட்டோம் என்று அறிவித்தது. துவக்குகளை எடுத்துவிட்டார்களா? இல்லை. காசு கொடுக்காமலே தொடர்ந்து போடுவோம் என்றார்கள்.

இராணுவங்கள் இதில் இன்னும் முன்னால் நிற்கின்றன. 1990களின் நடுவிலேயே அமெரிக்க மரீன் படை டூம் என்ற கேமை மாற்றிப் பயிற்சிக்கு எடுத்தது. 2002 ஜூலை 4இல், அவர்களுடைய சுதந்திர தினத்தன்று, அமெரிக்க இராணுவம் தானே 'அமெரிக்காஸ் ஆர்மி' என்று ஒரு கேமைச் செய்து இலவசமாக விட்டது. நோக்கத்தை மறைக்கவில்லை, ஆட்சேர்ப்புக்குத்தான். 20 வருடம் ஓட்டி 2022 மே மாதம் மூடினார்கள். 2018இல் சேவைக்கு வந்த அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் பெரிஸ்கோப்பைத் திருப்புவதற்கு எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர் வைத்திருக்கிறார்கள். காரணம் மிக எளிது. கடையில் மலிவாகக் கிடைக்கிறது, வருகிற பையன்களுக்குப் பழக்கிவிடவே தேவையில்லை, வீட்டிலேயே பழகி வருகிறார்கள். ஆப்கானிஸ்தானில் அப்பாச்சி ஹெலிகொப்டரில் ஆயுதங்களை இயக்கிய பிரித்தானிய இளவரசர் ஹாரி 2013இல் ஒரு பேட்டியில், பிளேஸ்டேஷன் விளையாடிப் பழகிய பெருவிரல் அதற்கு உதவுகிறது என்ற அர்த்தத்தில் பேசி உலகம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் உண்மையைச் சொன்னதுதான் பிழை போலிருக்கிறது.

இஸ்ரேலிலும் இதுதான். கார்மெல் என்ற புதுவகைக் கவச வாகனத்துக்கு இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் என்ற கொம்பனி செய்த மாதிரியில், வண்டி ஓட்டுவதும் சுடுவதும் எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரில். உள்ளே இருக்கிற திரையும் கேம் திரை போலத்தான்; கேம் விளையாடி வளர்ந்த இளம் சிப்பாய்களிடம் கேட்டுக் கேட்டு அமைத்திருக்கிறார்கள். அந்தக் கொம்பனி நமக்கு அந்நியமில்லை. இறுதி யுத்தத்தில் இலங்கை விமானப்படை வன்னிக்கு மேலே பறக்கவிட்ட 'சேர்ச்சர்' என்ற ஆளில்லா விமானம் அவர்கள் செய்ததுதான்.

இந்த இடத்தில் ஒரு கல்யாண வீட்டுக் கதை சொல்ல வேண்டும். கல்வியியற் கல்லூரியில் நம்மோடு படித்த கிளிநொச்சித் தோழி ஒருவர் நமது கல்யாணத்துக்கு அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தார். ஹட்டனில் மண்டபம். வீடியோக்காரத் தம்பி ட்ரோன் கேமராவை மேலே ஏற்றினார். எல்லோரும் அண்ணாந்து கை காட்டுகிறார்கள். தோழியை மட்டும் காணவில்லை. பார்த்தால் மண்டபத்தின் பின்பக்கம், கொங்கிறீட் தட்டுக்குக் கீழே சுவரோடு ஒட்டி நிற்கிறார். முகத்தில் இரத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நாங்கள் அதை வண்டு எண்டுதான் சொல்லுறது. வண்டு சுத்தினா, பின்னால ஷெல் வரும் எண்டு தெரியும். இது கல்யாண வண்டு எண்டு மூளைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியேல்ல."

வன்னியில் அந்த விமானத்துக்கு அதுதான் பெயர், வண்டு. சத்தத்தால் வந்த பெயர். அது சுடவில்லை, மேலே நின்று பார்த்துப் படம் அனுப்பியது, மிச்சத்தை வேறு ஆயுதங்கள் செய்தன. நமது பிள்ளைகளின் கேமிலும் ட்ரோன் இருக்கிறது. மேலே இருந்து பார்க்கிற பக்கம் மட்டும்தான் விளையாடக் கிடைக்கும். கொங்கிறீட் தட்டுக்குக் கீழே நிற்பவளின் பக்கத்தை எந்தக் கொம்பனியும் இன்னும் பப்ஜியில் விற்கவில்லை.

இப்போது யுத்தமே கேம் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்வார்கள் அல்லவா, பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தோம். உக்ரைனைப் பாருங்கள். ரஷ்யா ஊருக்குள் வந்து அடிக்கிறது, அவர்கள் தடுக்கிறார்கள், அந்த நியாயம் வேறு. ஆனால் 2024இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். ட்ரோன் படைப்பிரிவு தான் அழித்ததற்கு வீடியோ ஆதாரம் அனுப்ப வேண்டும். டாங்கிக்கு இத்தனை புள்ளி, ஆளுக்கு இத்தனை புள்ளி. சேர்த்த புள்ளிக்கு அரசாங்கத்தின் இணையக் கடையில் புது ட்ரோன் எடுக்கலாம். நமது பையன்களிடம் இதைச் சொன்னபோது ஒருவரும் அதிரவில்லை. "அப்ப லீடர்போர்ட் இருக்கா சேர்?" என்று கேட்டார்கள். இருக்கிறது. எந்தப் பிரிவு முன்னால் நிற்கிறது என்று பட்டியலும் போடுகிறார்கள்.

அடுத்து, கசப்பான ஒரு விஷயம். நம்மைப் பற்றித்தான்.

2020இல் பப்ஜியில் ஒரு புதுப் பகுதி வந்தது. காட்டுக்குள் சிலைக்கு முன் வணங்கினால் பலம் கிடைக்கும். வளைகுடாவிலிருந்து எதிர்ப்புக் கிளம்பி, கொம்பனி அதை நீக்கியது. 2021 நவம்பரில் கோல் ஒஃப் டியூட்டியின் வான்கார்ட் கேமில் குர்ஆன் தாள்கள் தரையில் கிடக்கிற காட்சி இருந்தது. அதற்கும் மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். அதற்கு முன்னும், 2012இல், ஹதீஸ் எழுதிய சட்டகம் தவறான இடத்தில் மாட்டியிருந்ததற்காக ஒரு மேப்பையே எடுத்தார்கள். நமது வட்ஸ்அப் குழுமங்களில் இதெல்லாம் எவ்வளவு சூடாகப் பரவியது என்று நினைவிருக்கும். கோபப்பட்டது சரி. நாமும்தான் பகிர்ந்தோம். ஆனால் அதே கோல் ஒஃப் டியூட்டியில் வருடக்கணக்காக அரபு எழுத்து மாட்டிய கடைத்தெருக்களிலும், மண் சுவர் வீடுகளிலும் புகுந்து சுட்டுத் தள்ளுவதுதான் விளையாட்டு. அந்த வீடுகளில் யார் இருந்தார்கள் என்று நாம் ஒரு குரல் பதிவாவது போட்டோமா? தரையில் கிடந்த தாள் கண்ணில் பட்டது. தரையில் கிடந்த ஆள் படவில்லை.

2019 மார்ச் 15. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் ஜும்ஆ நேரம் 51 பேரைக் கொன்றவன் தலையில் கேமரா கட்டி, பேஸ்புக்கில் நேரலை விட்டுக்கொண்டே கொன்றான். துவக்கின் முனை திரையின் நடுவில், முன்னால் ஓடுகிறவர்களின் முதுகு. முதல் 24 மணித்தியாலத்தில் 15 இலட்சம் பிரதிகளை அழித்ததாகப் பேஸ்புக் சொன்னது. அழிக்காத ஒன்று நமது ஊர்க் குழுமத்துக்கும் வந்தது. அனுப்பியவர் நல்ல மனிதர், துக்கத்தில்தான் அனுப்பினார். அதைத் தகப்பனின் போனில் பார்த்துவிட்ட ஒரு பத்து வயதுப் பிள்ளை மறுநாள் நம்மிடம் வந்து, "பப்ஜி மாதிரியே இருந்திச்சி சேர்" என்றான். அவன் கல்நெஞ்சன் இல்லை. அதற்கு முன் அந்தக் கோணத்தில் அவன் பார்த்திருந்தது பப்ஜி மட்டும்தான்.

பெரியவர்களான நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம். 2023 ஒக்டோபருக்குப் பிறகு காஸா பற்றி வந்த வீடியோக்களில், ஹெலிகொப்டர் விழுகிறது, ராக்கெட் சீறுகிறது என்று தக்பீரோடு நாம் தட்டிவிட்டவற்றில் சில, ஆர்மா 3 என்ற கேமில் எடுத்தவை. அதைச் செய்த செக் நாட்டு பொஹீமியா இன்டரெக்டிவ் கொம்பனி 2022இலேயே, உக்ரைன் யுத்தம் என்று பரவுவது எங்கள் கேம் என்று அறிக்கை விட்டிருந்தது. ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது நமது மாணவன்தான். "சேர், அந்தப் புகையப் பாருங்க, அது கேம் புகை." இன்னும் கேளுங்கள். அந்தக் கொம்பனியின் பழைய கேமிலிருந்து கிளைத்த இராணுவப் பயிற்சி மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யும் பிரிவு தனிக் கொம்பனியாகி, 2022இல் பிஏஇ சிஸ்டம்ஸ் கையில் போய்ச் சேர்ந்தது. பிஏஇ என்பது பிரித்தானியாவின் பெரிய ஆயுதக் கொம்பனி. இஸ்ரேல் பறக்கவிடும் எஃப்-35 விமானத்தின் பின்பகுதி அவர்களுடைய தொழிற்சாலையில் செய்வது. நாம் எதைப் பார்த்து தக்பீர் சொன்னோம் என்று யோசியுங்கள். செய்தி வந்தால் விசாரித்துப் பாருங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத்தில் நமக்குச் சொல்லப்பட்டிருப்பதை பயானில் கேட்டுவிட்டு வெளியே வந்து செருப்புப் போடுவதற்குள் ஃபோர்வர்ட் பண்ணுகிறோம்.

சரி, தடைக்கு வருவோம். பக்கத்து நாட்டில் செய்து பார்த்துவிட்டார்கள். 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பொலிஸ் பப்ஜியைத் தடைசெய்து, விளையாடிய மாணவர்களைக் கைதுகூடச் செய்தது. 2020 செப்டெம்பர் 2இல் இந்திய அரசே அதை 118 செயலிகளில் ஒன்றாகத் தடுத்தது. பிள்ளைகளுக்காக இல்லை; சீன எல்லைச் சண்டைக்குப் பிறகு, தரவுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி. அடுத்த வருடமே வேறு பெயரில் திரும்பி வந்தது. 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் தடை. பையன்கள் ஃப்ரீ ஃபயர் மெக்ஸுக்கு மாறினார்கள்.

கேம் விளையாடினால் கொலைகாரனாகிவிடுவான் என்று கடிதத்தில் எழுதச் சொன்னார் ஒருவர். அதை எழுத நமக்கு மனச்சாட்சி இடம் தரவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் இது பற்றித் தெளிவாகச் சொன்னது: கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன முரட்டுத்தனத்தோடு தொடர்பு தெரிகிறது, கொலை போன்ற வன்முறைக்குக் கேமைக் காரணம் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. தூக்கம் கெடுவது, காசு போவது, படிப்புப் போவது, நிறுத்த முடியாத நிலை ஒரு நோயாவது, இவை உண்மை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு இரவு ஒன்பது மணிக்குப் போனை உம்மாவின் தலையணைக்குக் கீழே வைக்கச் சொன்னாலே பாதி சரியாகும். காசு கட்டுகிற வசதிக்கு இரகசிய இலக்கம் போட்டுவைத்தால் இன்னும் கொஞ்சம். இதற்கு ஜமாஅத் கடிதம் வேண்டியதில்லை.

நமது பயம் வேறு. இந்தப் பிள்ளைகளுக்குத் துவக்கு என்றால் கூச்சம் இல்லை. அவர்கள் பிறக்கும் முன் நடந்தவற்றை அவர்களிடம் நாம் சொல்லவே இல்லை.

டெவன் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்காத பிள்ளை நமது பாடசாலையில் இல்லை. 1977 மே மாதம் அந்த டெவன் தோட்டத்தில், ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டபோது, பொலிஸ் சுட்டு சிவனு லெட்சுமணன் விழுந்தார். தரம் 10இல் நாலு பேருக்குத்தான் அந்தப் பெயர் தெரியும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கேட்ட போராட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தனை ஒருவருக்கும் தெரியாது. பாட்டன்மாருக்குத் தெரியும். அவர்கள் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நமது வீடுகளிலும் இதே கதைதான். இரண்டு வருடத்துக்கு முன் தாத்தாவின் மகனைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் போனோம். ஒரு கேம் விடமாட்டான் அவன். காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். 1990 ஓகஸ்ட் 3, இஷாத் தொழுகையில் நின்றவர்களை, அங்கேயும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. சுவரில் ரவைத் துளைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். அவன் ஒரு துளைக்குள் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தான். முதல் மடிப்பு வரை போனது. "மாமா, ஸஃப்ல நிண்டவங்களுக்குப் பின்னால இருந்தா சுட்டாங்க?" என்று கேட்டான். ஆம் என்றோம். அட்டன் வந்து சேரும் வரை போனை எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தான், விளையாடினான், அதை மறைக்க மாட்டோம். ஆனால் அதற்குப் பிறகு சில நாள், எதிராளிக்குப் பின்னால் போய்ச் சுடுகிற இடம் வரும்போது அவன் கை தயங்கியதைக் கண்டோம்.

நமக்கு நடந்ததை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அதுவும் அநியாயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றவர்கள் நமது பெயரை வைத்திருந்தவர்கள். பிறகு வந்த வாரங்கள் நினைவிருக்கிறதா? வீடு வீடாகச் சோதனை. ட்ரோன் பறக்கவிடவும் தடை வந்தது. ஒரு இரவு, நாளைக்கு நமது தெருவுக்கு வருகிறார்களாம் என்று கதை வந்ததும், பிள்ளைகள் பெருநாள் காசில் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் துவக்குகளையெல்லாம் தேடி எடுத்து உடைத்து அடுப்பில் போட்டோம். நாலு நாளைக்கு வீட்டில் பிளாஸ்டிக் மணம். ஏன் எரிக்கிறீங்க என்று சின்னவள் அழுதாள். அதற்கும் பதில் சொல்லவில்லை. அடுத்த வருடங்களில் பெருநாள் கடையில் அதே துவக்குகள் மறுபடி தொங்கின, நாமும் வாங்கிக் கொடுத்தோம்.

கடைசியாக ஒரு பையனைப் பற்றி. பெயர் வேண்டாம். லயத்துப் பிள்ளை, தரம் 11. பப்ஜியில் ஊரிலேயே கெட்டிக்காரன், கடிதம் போனால் முதலில் மாட்டுவான். பழுதான விளையாட்டுக் கார்களின் மோட்டர் நாலைக் கழற்றி, குச்சியில் கட்டி, யூடியூப் பார்த்து ஒரு ட்ரோன் செய்தான். பறக்கவில்லை, ஒரு முழம் எழும்பிச் சரிந்தது. விஞ்ஞான ஆசிரியரும் நாமும் முழங்காலில் இருந்து பார்த்தோம். அவனுக்கும் அந்தப் போன்தான் பள்ளிக்கூடம். "இத வச்சி மலைக்கு மருந்து அடிக்கலாம் சேர், அப்பா முதுகுல டாங்கி தூக்கத் தேவல்ல" என்றான். ஒரு நிமிடம் கழித்து, "குண்டும் போடலாம்" என்று சிரித்தான். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னான். அவனிடமிருந்து போனைப் பறிப்பதா, கிளிநொச்சித் தோழியின் கதையைச் சொல்வதா என்று நம்மைக் கேட்டால், நாம் இரண்டாவதைத்தான் செய்வோம். அன்றே சொன்னோம். சிரிப்பு நின்றது. "வண்டுனு பேரு நல்லாருக்கு சேர்" என்று மட்டும் சொன்னான். அவன் என்ன விளங்கிக்கொண்டான் என்று இன்னும் நமக்கு விளங்கவில்லை.

ஆகையால் நானாமார் கோபிக்க வேண்டாம், கடிதம் எழுதவில்லை. அதற்குப் பதிலாக வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தை அதிபரிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். நமது பிள்ளைகள், தோட்டத்துப் பிள்ளைகள், எல்லோரும் தாய் தகப்பனோடு வரலாம். முதல் அரை மணித்தியாலம் பிள்ளைகள் கேமை விளையாடிக் காட்டுவார்கள், நாம் வாயை மூடிக்கொண்டு பார்ப்போம். பிறகு, 1977இல் டெவன் பக்கம் இருந்த பெரியவர் ஒருவர் பேசுவார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், கேள்வியைச் சத்தமாகக் கேட்க வேண்டும். தோழியையும் கேட்டிருக்கிறோம். கிளிநொச்சியிலிருந்து வர முடியாவிட்டால் போனில் பேசுவதாகச் சொன்னார்.

போனைக் கொண்டு வரலாம். வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், மண்டபத்தில் ஒரு பிளக்தான் வேலை செய்கிறது.